லாரி வராத வீடுகள்

முப்பத்தொரு மணி இருபது நிமிடம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு எங்கள் வீட்டுக் கழிப்பறையில் மூன்று கரண்டி தூளைக் கொட்டி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். புதன்கிழமை மதியம் ஒன்றரைக்குத் தெருக் குழாய்களில் பச்சைத் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பே கிணற்றுக்கு வந்திருக்கலாம். ஒன்றரைக்குத்தான் தெருச் சங்கத் தலைவர் வால்வைத் திறப்பார்.

தூள் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் எடுத்தது. கேட்காமல் எடுத்தது. நீர் எங்கிருந்து எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதற்கான சாயம். குடித்தால் கெடுதல் இல்லை. ஒரு கரண்டியே அதிகம். ஆனால் கிணறு பெரியது, கண்ணுக்குத் தெரியாது, ஒரு பாட்டிலில் பிடித்துப் போய் ஆய்வக விளக்கின் கீழ் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கேயும் எதுவும் தெரியாது என்றுதான் நினைத்தேன். எங்கள் கழிவுத் தொட்டியைக் கட்டியவர் அப்பா.

முதல் சத்தம் மாவு மில்காரர் மனைவியுடையது.

"ஐயையோ, இங்க வந்து பாருங்களேன்! தண்ணி என்ன கலர்ல வருதுன்னு பாருங்க!"

வெயிலில் குடத்துத் தண்ணீர் ஒளிர்ந்தது. அழகாகக்கூட இருந்தது. ஆளுக்கு ஒரு குடத்தோடு வெளியே வந்தார்கள். ஒருவர் குடத்தை இன்னொருவர் எட்டிப் பார்த்தார். பிறகு எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"சாயக்காரி!"

எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். ஒரு பொதுக் கிணறு, அதிலிருந்து மேலே ஏற்றும் ஒரு தண்ணீர்த் தொட்டி. கடைசி வீட்டில் துணிக்குச் சாயம் போடும் அக்கா இருக்கிறார். பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவர் கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து நான்கு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார்.

குடங்களைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் கவிழ்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக, பதினாறு குடம். அக்கா கதவைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார்.

எங்கள் குடம் என் கையில் இருந்தது. நான் வீட்டுக்குள் போய் அதை முற்றத்தில் ஊற்றினேன்.

*

ஒரு மாதமாகவே அந்த வீட்டின் மேல் எல்லோருக்கும் கண். ஐந்து வீடுகளில் மஞ்சள் காமாலை. தலைவரின் பேரனுக்கு மூன்று வயது. ஒன்பது நாளாக மருத்துவமனையில் இருந்தான். சொட்டு மருந்து ஏற்றக் கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தியிருந்தார்கள்.

சாயக்கார அக்கா வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழிவு உறிஞ்சும் லாரி வரும். தெரு முழுக்க நாறும். சென்ற மாதம் வந்தது. இரண்டு வாரம் கழித்துக் காமாலை வந்தது. லாரி வந்தது, காமாலை வந்தது, இதற்கு மேல் யாருக்கும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

மற்ற பதினேழு வீடுகளுக்கும் லாரி வந்ததே இல்லை. அந்தப் பதினேழு தொட்டிகளையும் கட்டியவர் அப்பா. கொத்தனார் வேலையில் அவருக்குப் பெரிய பெருமை அதுதான்.

"இருபது வருஷம் ஆச்சு. நான் கட்டின தொட்டி எதுவாவது லாரி கேட்டிருக்கா? அந்த வீட்டுக்கு மட்டும் வெளியாளைக் கூப்பிட்டாங்க. தொட்டி கட்டத் தெரியாதவன் கட்டினா மாசக்கணக்குல நிறையத்தான் செய்யும்."

இதை நான் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சந்தேகப்பட்டதில்லை.

அக்கா வீட்டுத் தொட்டிதான் ஒழுகுகிறது என்று தெருவே சொன்னபோது, சாயம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. யார் வீட்டுக் கதவையாவது தட்டி, உங்கள் கழிப்பறையில் இதைக் கொட்டட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் கேட்க வேண்டியதில்லை. கிணற்றுக்கு மிக அருகில் இருப்பதும் எங்கள் வீடுதான். தொட்டியிலிருந்து கிணறு பன்னிரண்டு மீட்டர். அக்கா வீட்டுத் தொட்டி எழுபது மீட்டர். எங்கள் வீட்டில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் போகலாம் என்பது திட்டம்.

*

அன்று மாலை மாவு மில்லில் கூட்டம். இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். சாய்ந்து நின்றவர்கள் தோளெல்லாம் மாவு.

தலைவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னும் விசில் வைத்திருப்பார். கூட்டம் சத்தம் போட்டால் ஊதுவார். அன்று மூன்று முறை ஊதினார்.

"ஆளாளுக்குப் பேசினா எப்படி? நான் சொல்றேன், கேளுங்க. சாயத் தண்ணி கிணத்துக்கு வருதுன்னா அவ தொட்டித் தண்ணியும் வருது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு லாரியை வரச் சொல்லி உறிஞ்சிட்டு, கல்லையும் கலவையையும் போட்டுத் தொட்டியை மூடிடலாம். அவ குழாயையும் அறுத்துடலாம்."

"கக்கூஸு இல்லாம அந்த ஆளு என்ன பண்ணுவாரு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

"என் பேரன் என்ன பண்ணினானோ அதைப் பண்ணட்டும்."

அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"கொத்தனாரே, வேலை உங்களோடது. நம்ம தெருவுக்காக."

அப்பா தலையை ஆட்டினார்.

நான் பெண்கள் பக்கத்தில் தூணோரம் நின்றேன். "அந்தச் சாயம் துணிச் சாயம் இல்ல" என்றேன். என் காதில் மட்டும்தான் விழுந்தது. பக்கத்தில் நின்ற மில்காரர் மனைவி திரும்பினார்.

"என்ன முனகுற?"

"தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கணும்னு சொன்னேன்."

"சாயத்தைக் காய்ச்சினா சாயம் போயிடுமா? காலேஜுல இதைத்தான் சொல்லித் தராங்களா?"

சிலர் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

*

அப்பா முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா கலவைச் சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். அப்பா கட்டிய எல்லாவற்றுக்கும் மண்ணும் கல்லும் கலவையும் சுமந்தவள் அம்மா. உச்சந்தலையில் அவளுக்கு ஒரு கை அகலத்துக்கு முடி கிடையாது.

"அப்பா, அந்தப் பச்சை நம்ம வீட்டுல இருந்து போனது."

அவர் நிமிரவில்லை. தூளைப் பற்றிச் சொன்னேன். நேரத்தைச் சொன்னேன்.

"நம்ம தொட்டிக்கு அடியில தளம் போட்டிருக்கீங்களாப்பா?"

"அடியில தளம் போட்டா நிறையும். நிறைஞ்சா லாரி. மண்ணு குடிச்சுக்கும்."

"அப்படின்னா தளமே இல்லையா?"

"மண்ணு வடிகட்டும்டி. மேல அழுக்கு நிக்கும், கீழ நல்ல தண்ணி போகும். உலகம் பூரா அப்படித்தான் கட்டுறான்."

"பன்னெண்டு மீட்டருக்கு வடிகட்டாதுப்பா. ஒன்றரை நாள்ல வந்திடுச்சு. நடுவுல வெறும் மணல்தான் இருக்கு."

"நீ ரெண்டு புஸ்தகம் படிச்சிட்டு வந்து எனக்குத் தொட்டி கட்டச் சொல்லித் தரியா?" இப்போது நிமிர்ந்தார். "யாரைக் கேட்டு அதைக் கொட்டினே? ஊரான் வீட்டுப் பிள்ளைங்க குடிக்கிற தண்ணியில ஏதோ மருந்தைக் கலந்துட்டு என்கிட்ட வந்து நிக்கிற. இது வெளியில தெரிஞ்சா முதல்ல உன்னைத்தான் அடிப்பாங்க. அப்புறம் என்னை. நாளைக்கு ஒரு செங்கல் வைக்க ஒருத்தன் என்னைக் கூப்பிடுவானா?"

"அந்த அக்கா வீட்டுத் தொட்டியை மூடப் போறீங்களே."

"ஒரு வார்த்தை வெளியே போச்சுன்னா இந்த வீட்டுல உனக்கு இடம் கிடையாது. சொல்லிட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

"ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்றாள்.

மற்ற பதினாறு தொட்டிகளையும் அவர்தான் கட்டினார் என்பது எனக்குத் தெரியும். மேற்கொண்டு யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. மூடியை எடுத்துப் பார்த்து, கொதி வந்த பிறகும் வெகு நேரம் விட்டு, பிறகுதான் இறக்கினாள். தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் காய்ச்சிய தண்ணீர்.

*

வெள்ளிக்கிழமை கல்லூரி முடிந்து சாயக்கார அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சிவப்பு.

"என்ன, வேடிக்கை பாக்க வந்தியா? டிக்கெட் வாங்கினியா?"

"இல்லக்கா. தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு சொல்ல..."

"ஞாயித்துக்கிழமை குழாயை அறுக்கப் போறாங்க. எதைக் காய்ச்ச?"

நான் நின்றேன். அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். பின்கட்டில் மூன்று டிரம்கள்.

"பாரு. சிவப்பு. நீலம். கறுப்பு. இதுல பச்சை எங்க இருக்கு, காட்டு. மஞ்சளும் நீலமும் கலந்தா பச்சைன்னு மில்காரன் பொண்டாட்டி சொல்லிட்டுத் திரியுறா. என்கிட்ட மஞ்சள் ஏது? ரெண்டு வருஷமா மஞ்சளுக்கு ஆர்டரே இல்ல. சாயத் தண்ணி பூரா தொட்டிக்குள்ளதான் விடுறேன். அதனாலதான் சீக்கிரம் நிறையுது, அதனாலதான் லாரி. ஊரு மேல விட்டிருந்தா எனக்கு லாரி எதுக்கு?"

உள்ளறையிலிருந்து அவர் கணவர் கேட்டார். "யாரு?"

"கொத்தனார் மக. அளவெடுக்க வந்திருக்கா."

"அக்கா, நான் அதுக்கு வரல."

"உங்கப்பன் வந்து மூடுவான். அப்புறம் இவரை நான் எங்க தூக்கிட்டுப் போவேன்? உங்க வீட்டுக் கக்கூஸுக்குத் தூக்கிட்டு வரட்டுமா? நடு ராத்திரி ரெண்டு தடவை, விடியறதுக்குள்ள ஒரு தடவை. கதவைத் திறந்து வைப்பியா?"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ தண்ணியைப் பத்தித்தானே படிச்சே. அது என்ன பச்சைன்னு உனக்குத் தெரியாதா?"

"பாக்கணும்கா" என்றேன்.

"போய்ப் பாரு. நல்லா பாரு."

நான் படி இறங்கும்போது வாளித் தண்ணீரை வீசினார். என் கால் நனைந்தது. செருப்பில் ஒட்டிய சிவப்பு அன்று போகவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்தது. தெருவே திரண்டு நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள், ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சிறிசுகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள்.

லாரிக்காரர் குழாயை உள்ளே விட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். அரை மணி நேரத்தில் தொட்டி காலி.

"இவ்வளவு நல்ல டேங்கை எதுக்கு மூடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே குழாயைச் சுருட்டினார். "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க. பதினெட்டு வீடு இருக்கு. ஏழு வருஷமா இந்த அக்கா வீட்டுக்கு மட்டும்தான் வந்துட்டுப் போறேன். மத்தவங்க எல்லாம் போறதே இல்லையா?"

ஒரே ஒரு ஆள் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வந்த வேலையைப் பாத்துட்டுக் கிளம்பு" என்றார் தலைவர்.

அப்பா ஒயரில் பல்பைக் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். வாயோரம் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சுவரைப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார். பிறகு நீளக் கம்பி ஒன்றை எடுத்து உள்ளே விட்டுத் தட்டினார்.

டங்.

இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கும் டங். சிமெண்டுத் தளத்தில் இரும்பு படும் சத்தம். நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"விரிசல் எங்க?" என்று கேட்டார் தலைவர்.

அப்பா கம்பியை வெளியே இழுத்தார். அதன் நுனியைத் துணியால் துடைத்தார். நல்ல வேலையைப் பார்த்தால் அவர் தாடை அசையும். எனக்குத் தெரியும். அது அசைந்தது.

"எங்கயாவது இருக்கும்" என்றார். பிறகு அம்மாவிடம், "கலவையைக் கொண்டா."

அம்மா மண்வெட்டியால் சட்டியை நிரப்பினாள். சும்மாட்டை வைத்தாள். சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். சாயக்கார அக்கா கதவோரம் நின்றிருந்தார். அவர் அழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வரிசையில் என் முகமும் வந்தது.

"மாமா" என்றேன்.

தலைவர் திரும்பவில்லை.

"மாமா."

"என்னம்மா? சொல்றதைச் சத்தமாச் சொல்லு. காதுல விழல."

"அந்தப் பச்சை என்னோடது."

"என்ன?"

"நான் போட்டேன். எங்க வீட்டு கக்கூஸ்ல போட்டேன். தொட்டி ஒழுகுதான்னு பாக்குற சாயம். செவ்வாய்க்கிழமை போட்டது புதன்கிழமை உங்க குழாய்ல வந்துச்சு. இந்த வீட்டுல இருந்து வரல. எங்க வீட்டுல இருந்து வந்துச்சு."

என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

 மில்காரர் அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"உன் தொட்டியாய்யா? உன் வீட்டு அசிங்கத்தைக் குடிச்சா எங்க பிள்ளைங்க கிடந்துச்சு?"

"இத்தனை நாள் வாயே திறக்கலையே!"

"கூட்டத்துல தலையைத் தலையை ஆட்டினான் பாரு!"

"இவன் தொட்டியை மூடு முதல்ல! வா, கல்லைத் தூக்கு!"

இரண்டு பேர் செங்கல்லைக் கையில் எடுத்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். நான் கலவைக் குவியலின் மேல் விழுந்தேன். எழுந்தபோது அப்பாவின் சட்டை தோள்பட்டையில் கிழிந்திருந்தது. அவர் கையை ஓங்கவில்லை.  தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"என் பேரனுக்குக் கால்ல ஊசி போட்டாங்க, கொத்தனாரே" என்றார், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே. "கால்ல."

அப்பா தலையைக் குனிந்தார். 

கூச்சல் இன்னும் ஏறியது. எங்கள் வீட்டை நோக்கி நான்கைந்து பேர் நகர்ந்தார்கள். தலைவர் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். மூன்றாவது முறைதான் தெரு அடங்கியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அம்மா நடுவில் வந்து நின்றாள். சட்டி இன்னும் தலையில் இருந்தது.

"ஒரு தொட்டிக்கு அடியில தளம் போட நாப்பது சட்டி கலவை வேணும்" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "சுமக்கிறவ நான். சுவருக்குச் சுமந்தேன். மூடிக்குச் சுமந்தேன்."

"ஏய், நீ வா இங்க" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. இருபது வருஷம் சும்மா இருந்தீங்கல்ல, இப்பவும் இருங்க." அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "தலைவரே, உங்க தொட்டியைத்தான் முதல்ல கட்டினோம். லாரி வராத மாதிரி கட்டுன்னு சொன்னது நீங்க. பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேணாம்னு சொன்னதும் நீங்க. அடுத்த வீட்டுல வந்து அதையே சொன்னாங்க. அதுக்கடுத்த வீட்டுலயும் அதையே சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் ரகசியமாச் சொன்னீங்க. இவரும் யாருக்கும் சொல்லல."

மில்காரரின் கை அப்பாவின் சட்டையிலிருந்து நழுவியது. செங்கல் வைத்திருந்தவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அம்மா குனிந்து சட்டியைக் கீழே இறக்கினாள். கலவையைத் தரையில் கவிழ்த்தாள். காலி சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, திறந்து கிடந்த தொட்டியைக் காட்டினாள்.

"பதினேழு தொட்டிக்கு அடியில ஒரு சட்டிகூட நான் சுமந்து போடல. இந்தத் தெருவுல அடி இருக்கிற தொட்டி இது ஒண்ணுதான்."